ராணி கலர் தயிர்

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். பெட்டிக்குள் எதை வைப்பது என்று உன் அப்பாவோடு நீ போடும் சண்டை எனக்கு இங்கே கேட்கிறது. அவர் கம்பளியை உள்ளே வைக்கிறார், நீ வெளியே எடுத்துப் போடுகிறாய். "அகமதாபாத்ல வெயில் மண்டையப் பொளக்கும்ப்பா, கம்பளி எதுக்கு?" "டிசம்பர்ல குளிரும்னு சொன்னாங்க பாப்பா." "யாரு சொன்னாங்க?" "சொன்னாங்க." உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து தீர்ப்புச் சொல்லாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்து வந்து நேரில் பேசினால் பாதியிலேயே சிரித்துவிடுவோம். சொல்ல வந்தது நின்றுபோகும்.

இதை ஊர் படிக்கும் இடத்தில் போடப்போகிறேன் என்றபோது நீ கேட்ட ஒரே உறுதி, யார் பெயரும் வரக்கூடாது என்பது. எனக்கும் அதுதான் வசதி. அப்படியிருந்தும் ஏன் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன் என்றால், எட்டு வருடத்துக்கு முன்னால், இருபத்தைந்து வயதில் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பத்து வயதுப் பெண்ணுக்குச் சித்தியாக இருப்பது எப்படி என்று நான் புத்தகங்களில் தேடினேன். கதைகளில் வரும் சித்திகள் ஒன்று சூடு வைப்பவர்கள், இல்லையென்றால் தியாகத்தில் உருகுபவர்கள். தயிரை வடிகட்டத் தெரியாமல் விழித்த ஒருத்திகூட எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது எங்காவது யாராவது அப்படித் தேடிக்கொண்டிருந்தால், அவளுக்கும் இது கிடைக்கட்டுமே.

நான் வந்தபோது நீ என்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். நீ மரியாதையாக இருந்தாய். உன் அத்தை சொல்லிக் கொடுத்தபடி முதல் நாளே 'சித்தி' என்று கூப்பிட்டாய், புது டீச்சரை 'மிஸ்' என்று கூப்பிடுவதைப் போல. "சாப்பிடறியா?" என்றால் "வேணாம் சித்தி, தேங்க்ஸ் சித்தி." சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வைப்பாய். குளியலறைக்குப் போவதற்குக்கூட "போகலாமா?" என்று கேட்டாய் ஒருமுறை. ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்த மூன்றாவது மாடி வீடு நீ பிறந்த வீடு. ஆனால் நம் இருவரில் விருந்தாளி போல நடந்துகொண்டது நீதான்.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். உன் அம்மா இறந்துபோன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தது கோயம்புத்தூர் அத்தை. பாதி நாள் அவர் இங்கே, பாதி நாள் நீ அங்கே. எங்கள் கல்யாணம் முடிந்ததும் அவர் தன் வீட்டுக்குத் திரும்பினார். அன்று நீ அழவில்லை. அப்பாவிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டாய், என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு. அவர் சொன்ன பதிலையும் நான் கேட்டேன். "லீவு முடியற வரைக்கும் இரு பாப்பா. அதுக்கப்புறமும் உனக்கு இங்க பிடிக்கலேன்னா அத்தை வீட்டுலயே ஸ்கூல் சேத்துடறேன். சத்தியமா." உன் அப்பா சத்தியம் செய்தால் அது சத்தியம்தான். அந்தக் கோடை முழுவதும் நாம் மூன்று பேரும் அந்தப் பேச்சை வாயில் எடுக்கவில்லை. ஆனால் காலண்டரில் மே மாதத் தாளைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனோம்.

நீ நான் சமைத்த எதையும் விரும்பிச் சாப்பிடவில்லை. தயிர்சாதம் கண்ணில் படவே கூடாது. ஐஸ்கிரீம் மட்டும் இறங்கும். உன் அப்பாவும் தி.நகரில் கடையை அடைத்துவிட்டு வரும்போது, குற்ற உணர்ச்சியாலோ என்னவோ, தினமும் ஏதாவது ஒரு கலர் குச்சி ஐஸ் வாங்கி வந்தார். பல் டாக்டர் உன் கடைவாய்ப் பற்களை அடைத்துவிட்டு, "இனிமே ஐஸ் வாங்கித் தந்தா பல்லுக்குப் பதிலா அப்பாவைத்தான் பிடுங்குவேன்" என்று சொல்லி அனுப்பினார். அதோடு வீட்டில் ஐஸ் நின்றது. அந்த வெயிலில், ஐஸும் இல்லாமல், பழகாத ஒருத்தியோடு பகல் முழுக்க நீ. உன் பக்கத்திலிருந்து பார்த்தால் கோயம்புத்தூர் எவ்வளவு அழகாகத் தெரிந்திருக்கும்.

அதனால்தான் தயிரை உறைய வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கொஞ்சம் பழம், கொஞ்சம் பேரீச்சம்பழம், சர்க்கரை இல்லாமல். கேட்க எளிதாக இருந்தது. வீட்டுத் தயிரை அப்படியே மாம்பழத்தோடு அடித்துக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் கரண்டியால் குத்தினேன். கரண்டி வளைந்தது. வெளியே எடுத்து வைத்து, கசிந்த பிறகு ஒரு துண்டு உனக்குக் கொடுத்தேன். வாயில் ஐஸ் நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. "நல்லா இருக்கு சித்தி," என்றாய். பிறகு மீதியைச் சத்தம் வராமல் ஸிங்க்கில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, கவிழ்த்தும் வைத்தாய். நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்பவள். மற்றவர்களின் தவறுகளைத் தேடிப்பிடிப்பதுதான் என் பிழைப்பு. என் தவறை ஒருத்தி இவ்வளவு நாசூக்காக மறைத்தது அன்று என்னை மிகவும் வருத்தியது.

தண்ணீர் அதிகமாக இருப்பதுதான் கோளாறு என்று புரிந்தது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிக்க வேண்டும். மெல்லிய துணி எங்கே? உன் அப்பாவின் கடை மேட்சிங் சென்டர். புடவையை எடுத்துக்கொண்டு வரும் பெண்களுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணியும் லைனிங் துணியும் வெட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கடைக்காரர் வீட்டில் துணிக்கா பஞ்சம்? அலமாரியில் கடைத் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. நன்றாக மெல்லியதாக, பருத்தியாக, கண்ணைப் பறிக்கும் ரோஸில், ராணி கலரில் ஒரு லைனிங் துணியை எடுத்தேன். புதுத் துணிதானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று அப்படியே தயிரைக் கொட்டிக் கட்டி, ஸிங்க் குழாயில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அப்பா சீக்கிரமே கடைக்குப் போயிருந்தார்; தண்ணீர் குடிக்க வந்த நீ ஸிங்க் முன்னால் நின்றுவிட்டாய். நானும் வந்து பார்த்தேன். கீழே வடிந்திருந்த தண்ணீர் ராணி கலர். முடிச்சை அவிழ்த்தால் தயிர் அதைவிட ராணி கலர். நீ, பள்ளி வேன் டிரைவரிடம் கற்றுக்கொண்டு, வீட்டில் பேசக்கூடாது என்று அத்தை தடைசெய்திருந்த குரலில் கேட்டாய்: "இன்னாது இது?"

நீ என் போனை எடுத்து, அனுமதி கேட்காமல், அப்பாவைக் கூப்பிட்டாய். "அப்பா, சித்தி தயிருக்கு மேட்சிங் பண்ணியிருக்காங்க."

"என்ன பண்ணியிருக்கா?"

"லைனிங் துணில தயிர் கட்டியிருக்காங்கப்பா. செம ராணி."

அவர் கடைக்காரராகத்தான் பேசினார். "அது சாயம் நிக்காத பீஸ். அதான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். நாக்குல வெச்சிடாதீங்க ரெண்டு பேரும்." பின்னால் யாரோ வாடிக்கையாளர் என்ன என்று விசாரிப்பதும், அவர் சொல்ல முடியாமல் சிரிப்பதும் கேட்டது. நீ போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பு உனக்கு இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தனை தயிரையும் கொட்டினோம். கொட்டும்போது நீ, "சித்தி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டாய். அதில் மரியாதை துளிகூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு பொறுப்பு உன் கைக்குப் போனது. உனக்கு ராணி கலர் வேண்டும், ஆனால் தின்னக்கூடிய ராணி கலர். பீட்ரூட் என்று நான் சொன்னேன், நீ முகத்தைச் சுளித்தாய். பச்சையாக அரைத்துப் போட்டபோது மண் வாசனை அடித்தது. "தோட்டத்தை நக்கற மாதிரி இருக்கு," என்று சொல்லி வெளியே ஓடினாய். வேகவைத்து, பேரீச்சம்பழத்தோடு விழுதாக அரைத்துச் சேர்த்தபோது வாசனை அடங்கியது. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கிழித்துத் தயிர் வடித்தோம். கட்டித் தயிரில் பழ விழுதைக் கலந்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் பட்டர் பேப்பர் போட்டு, மெல்லிசாகத் தடவி உறைய வைத்தால், பிறகு அப்பளம் மாதிரி ஒடிக்கலாம் என்று கண்டுபிடித்தோம். குட்டி இட்லித் தட்டில் ஊற்றினால் வாயில் போடும் அளவுக்கு வரும், தட்டின் அடிப்பக்கத்தைத் தண்ணீரில் காட்டினால் தானாகக் கழன்றுவிடும். வாழைப்பழத்தை முதலில் தனியாக உறைய வைத்துப் பிறகு தயிரோடு அடித்தால் வெண்ணெய் மாதிரி வரும். சப்போட்டா போட்டால் இனிப்பே வேண்டாம். புளித்த தயிரை எந்தப் பழத்தாலும் காப்பாற்ற முடியாது, அதை மோர்க்குழம்புக்கு ஒதுக்கிவிடு. நீ அகமதாபாத்திலிருந்து போனில் கேட்பாய் என்று தெரியும், அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். அங்கே வெயில் நம் ஊரைவிட மோசம். பால் சீக்கிரம் தோய்ந்துவிடும், தோய்ந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் எடுத்து வை.

ஆனால் அந்த நாட்களில் நீ ருசியைவிட நிறத்தைத்தான் பார்த்தாய். கடையில் வளர்ந்த பிள்ளை. மாம்பழம் போட்டதை 'சந்தனத்துக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவுல' என்பாய், சப்போட்டாவை 'வெங்காயத்தோல்' என்பாய். சரியான ராணி கலர் வந்துவிட்டதாக நான் நினைத்த அன்று நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ட்யூப்லைட்ல எல்லாமே அழகாத்தான் தெரியும் சித்தி. வெளிச்சத்துல பாக்கணும்." உன் அப்பா வாடிக்கையாளரைப் புடவையோடு கடை வாசலுக்கு அழைத்துப் போய் வெயிலில் பிடித்துக் காட்டுவாரே, அதே மாதிரி நீ தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாய். கையில் அந்த லைனிங் துணி வேறு, ஒப்பிட்டுப் பார்க்க. மே மாதத்து மத்தியான வெயில். இப்படித் திருப்பினாய், அப்படித் திருப்பினாய். "கொஞ்சம் நீலம் கம்மி," என்று சொல்லி முடிப்பதற்குள், தாம்பாளத்தின் விளிம்பு தாண்டி ராணி கலர் உன் கை வழியாக முழங்கைக்கு இறங்கி, கீழ்வீட்டு மாமி காயப்போட்டிருந்த வெள்ளை போர்வையில் சொட்டியது. மாமி மேலே பார்த்தார். "என்னடி அது, ரத்தமா?" "தயிர் மாமி," என்றாய் நீ. அந்தப் பதிலை அவர் இன்றுவரை நம்பவில்லை. போர்வையைத் துவைத்துக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு தட்டு மாம்பழத் தயிரும் கொடுத்தோம். "நன்னாத்தான் இருக்கு. ஆத்துல ஃப்ரிட்ஜுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குள்ளேயே வெச்சுண்டு விளையாடக்கூடாதா?" என்றார்.

அது கல்யாண சீஸன் என்பதால் உன் அப்பா நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு, கால் வீங்கி வருவார். நீ அவரை உட்காரவைத்து, ஒடித்த துண்டுகளைத் தட்டில் நிறவாரியாக அடுக்கிக் கொண்டுபோய் வைப்பாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்று, என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். "பிஸ்தா." "பிஸ்தாவா? நீயெல்லாம் எப்படிப்பா கடை நடத்தற?" மூன்று பேரும் பால்கனியில் உட்கார்ந்து, விரல்கள் விறைக்க விறைக்கத் தின்றோம். நான் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ எப்போது தயிர் தின்ன ஆரம்பித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். அதே பயத்தில்தான் நான் இன்னொன்றையும் கேட்கவில்லை. நீ இருக்கப்போகிறாயா என்று.

மே மாதக் கடைசியில் அத்தை வந்தார். அங்கே பள்ளியில் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்ற வந்தவர், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. வந்ததும், வரும் வழியில் வாங்கிய பால் பாக்கெட்டை வைக்க ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே தாம்பாளம், இட்லித் தட்டு, கிண்ணம், மேலும் தாம்பாளம். "ஏம்மா, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று என்னைக் கேட்டார். "இல்ல மதினி, இவ வேலை," என்றேன். அவர் உன் பக்கம் திரும்பி, "நீ அடுப்படிக்கெல்லாம் வர்றியா?" என்றார், நம்பாமல். நீ அவருக்குப் பீட்ரூட் துண்டு ஒன்றை ஒடித்துக் கொடுத்தாய். அவர் கடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, உன் தலையைத் தடவினார். உன் பெட்டி பாதி அடுக்கி அறையில் இருந்தது. அடுக்கியது நீயா அப்பாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டின்போது உன் அப்பாதான் ஆரம்பித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாப்பா, அப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நீ என்ன சொல்றியோ அதான். யாரும் வருத்தப்பட மாட்டோம்." நான் ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பரிமாறவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

நீ அத்தையைக் கேட்டாய். "உங்க ஃப்ரீசர் பெருசா அத்தை?"

"பெருசுதான் கண்ணு. முழுசா உனக்கே ஒழிச்சுத் தர்றேன்."

என் கையிலிருந்த கரண்டி கனத்தது. போகிறாய் என்றுதான் நினைத்தேன். அதிலும் ஒரு பக்கம் நியாயம் தெரிந்தது.

"தயிர் யாரு வடிப்பா?"

"நான் வடிக்கிறேன்."

"சாயம் போகாத துணில?"

"சாயத்துணில யாராச்சும் தயிர் கட்டுவாங்களா?" என்று அத்தை சிரித்தார். நீ சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாய், ஒரு வேலைக்கு ஆள் தேறுமா என்று பார்ப்பது போல. பிறகு அத்தையிடம் மிகவும் பொறுமையாக விளக்கினாய்.

"அதான் அத்தை. நீங்க எல்லாம் சரியா பண்ணிடுவீங்க. சித்திக்கு ஒண்ணுமே தெரியாது. கலரும் தெரியாது. நான் போயிட்டேன்னா இவங்க பாட்டுக்கு ராமர் பச்சைல எதையாவது பண்ணி அப்பாவுக்குக் குடுத்துடுவாங்க. அப்பாவும் பிஸ்தான்னு சொல்லித் தின்னுடும். நான் இங்கயே இருக்கேன். லீவுக்கு வரேன்."

உன் அப்பா எழுந்து கை கழுவப் போய், நெடுநேரம் கழுவினார். பிறகு அத்தையும் நானும் பாத்திரம் ஒழித்துப் போடும்போது சொன்னார்: "எங்கிட்டகூட இவ இப்படி வாய் அடிச்சதில்ல. நான் எல்லாத்தையும் சரியா செஞ்சுட்டேன் போல." அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் சொல்லும்போது சிரித்தார். ஊருக்குக் கிளம்பும்போது, அவரே கேட்டு, ஒரு குட்டி இட்லித் தட்டு நிறைய வாங்கிப் போனார். ரயில் காட்பாடி தாண்டுவதற்குள் உருகிவிட்டதாம், டம்ளரில் ஊற்றிக் குடித்தேன் என்று போன் செய்தார். இந்த வருடம் அகமதாபாத்தில் உனக்குத் துணி வடிவமைப்புப் படிப்பு கிடைத்த செய்தியை நீ முதலில் சொன்னது அவருக்குத்தான். அது சரியான வரிசை.

இப்போது உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள், பரவாயில்லை. புது ஊரில், புது அறையில், எல்லோரும் உன்னிடம் நன்றாகத்தான் பழகுவார்கள். நீயும் அழகாகப் பழகுவாய், உனக்கு அது கைவந்த கலை. "தேங்க்ஸ்", "வேணாம்", "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடத்தைக்கூட ஓட்டிவிடலாம். ஒரு சண்டையும் வராது, ஒரு குறையும் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தாங்க முடியாமல் இருக்கும். அப்போது எங்களைக் கூப்பிடு, நிச்சயம் கூப்பிடு. ஆனால் அதற்கு முன்னால் இதைச் செய்து பார். முதல் வாரத்திலேயே அங்கே கிடைக்கிற பழத்தையும் தயிரையும் வைத்து ஏதாவது செய். நன்றாகச் செய்ய உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நன்றாகச் செய்யாதே. அவசரமாக, அரைகுறையாக, உன் அறைத்தோழியின் கண் முன்னால் செய். கிண்ணத்தை அவள் கையில் கொடு. அவள் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு விடு, அடுத்த வாரம் மறுபடியும் செய். ஒரு நாள் அவள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, அவள் ஊர் பாஷையில், "இது என்ன கண்றாவி, தள்ளு, நான் பண்றேன்" என்று உன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவாள். கரண்டியை உடனே விட்டுவிடாதே, கொஞ்சம் இழுத்துப் பிடித்து அவளோடு சண்டை போடு. அன்று ராத்திரி நீ எனக்குப் போன் செய்ய மறந்துவிடுவாய். நீ மறக்கும் அந்த ராத்திரிக்காகத்தான் நான் காத்திருப்பேன்.